தந்தியும் குடமும்: உலகக் குரல் நாளில் பேசியது

மதிப்பிற்குரிய மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, கேட்டவுடன் இந்த அரங்கத்தைத் திறந்துவிட்டதோடு, காலையிலிருந்து இரண்டு அறுவைச் சிகிச்சைகளை முடித்துவிட்டு மதியச் சாப்பாடுகூட இல்லாமல் வந்து அமர்ந்திருக்கும் காது மூக்குத் தொண்டைப் பிரிவின் தலைவர் அவர்களே, மாவட்டச் சமூகநல அலுவலர் அம்மையார் அவர்களே, இந்த ஊர்த் திருநங்கையருக்கெல்லாம் தாயாக, அவர்கள் குழுவான ஜமாத்தின் தலைவியாக இருக்கும் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் திருநம்பித் தம்பிகளே, பின்வரிசையில் இடமில்லாமல் நிற்கும் செவிலியர் கல்லூரி மாணவியரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். ஜமாத் தலைவி அம்மா எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை, கூட்டம் முடிந்ததும், இந்த மாவட்டத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இளைய பேச்சுப் பயிற்சியாளர் ஒருவருக்குப் போர்த்தப் போகிறேன். ஏன் என்பது பேச்சின் நடுவில் விளங்கும்.

நேற்று ஏப்ரல் 15. 2008இல் அதே நாளில்தான் தமிழ்நாட்டில் அரவாணிகள் நலவாரியம் அமைந்தது. அதனால் அதைத் திருநங்கையர் நாளாகக் கொண்டாடுகிறோம். 2014இல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்ததும் ஏப்ரல் 15தான். இன்று ஏப்ரல் 16, உலகக் குரல் நாள். பிரேசிலில் 1999இல் குரல் மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் தொடங்கியது, உலகெங்கும் பரவியது. காலண்டரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் இரண்டு நாட்கள். நேற்றைய விழாவில் பட்டா பற்றிப் பேசினார்கள், கடன் பற்றிப் பேசினார்கள், குரலைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. இன்று காலை நடந்த குரல் நாள் கருத்தரங்கில் ஆசிரியர்களின் தொண்டையைப் பற்றிப் பேசினார்கள், பாடகர்களின் தொண்டையைப் பற்றிப் பேசினார்கள், திருநரைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் நிற்கிறேன்.

எங்கள் ஆத்தா சொல்வாள், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று. அவளுக்கு ஏழு பிள்ளைகள், ஏழு பேருக்கும் அதையே சொன்னாள். முப்பத்தொரு ஆண்டுகள் பேச்சுப் பயிற்சி அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். வாய் இருக்கும், அறிவு இருக்கும், படிப்பு இருக்கும், ஆனால் வாயைத் திறந்தால் பேருந்தில் எல்லாத் தலையும் திரும்பும் என்பதால் டிக்கெட் கேட்கவே சில்லறையை நீட்டிக் கையால் சாடை காட்டும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை எப்படிப் பிழைக்கும்?

இன்று நான்கு விஷயங்கள் பேச எழுதி வைத்திருக்கிறேன். குரல் எப்படி உண்டாகிறது, அதைப் பயிற்றுவிப்பவர் யார், அறுவைச் சிகிச்சை எதுவரை உதவும், பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும். முதலமைச்சருக்கான மனு ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

வீணையைப் பாருங்கள். தந்தி இருக்கிறது, குடம் இருக்கிறது. தந்தி அதிர்கிறது, குடம் அந்த அதிர்வுக்கு நிறம் கொடுக்கிறது. நம் தொண்டையில் குரல்நாண்கள்தாம் தந்தி. அதற்கு மேலே உள்ள தொண்டைக்குழியும் வாயும் மூக்கும் குடம். பாட்டு வகுப்பில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கட்டை சுருதி வைக்கிறார்கள், பெண்பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை. ஒரு கட்டை என்பது நொடிக்குச் சுமார் 131 அதிர்வு, ஐந்து கட்டை சுமார் 196. பேச்சும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆண்கள் பேசுவது 100 முதல் 130 வரை, பெண்கள் பேசுவது 200ஐ ஒட்டி. நடுவில் 150, 160 என்ற இடத்தில் கேட்பவர் காது தடுமாறும். அப்போது காது குடத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. சுருதி மட்டும் ஏறி, குடம் பழையபடி ஆழமாக ஒலித்தால், பெண் குரல் என்று காது ஒப்புக்கொள்ளாது. இது தெரியாமல் கைப்பேசியில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு, எண் 220 காட்டும்வரை கழுத்தை இறுக்கிக் கத்தி, கரகரத்த தொண்டையோடு வருகிற பிள்ளைகள் நிறைய.

பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டதும் சில மாதங்களில் தந்தி தடிக்கத் தொடங்கி, குரல் இறங்குகிறது. திருநங்கையருக்கு அந்த வழி இல்லை. பதின்ம வயதில் தடித்த நாணை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மெலிய வைப்பதில்லை. மாத்திரை சாப்பிட்டால் குரல் மாறிவிடும் என்று யாராவது காசு வாங்கினால் தயவுசெய்து நம்பாதீர்கள். பழக்கம்தான் வழி. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று நம்மவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் ‘நான் வந்தேன்’ என்றால் சொல்வது ஆணா பெண்ணா என்று அந்த வினைச்சொல்லில் தெரியாது. இந்திக்காரர் ‘நான் போகிறேன்’ என்று சொல்லும்போதே வினையின் வால் ஆண், பெண் காட்டிவிடும். அங்கே ஒரு திருநங்கை தன்னைப் பெண்ணாகச் சொல்லிக்கொள்ள இலக்கணம் கைகொடுக்கிறது. தமிழில் வந்தான், வந்தாள் என்பதெல்லாம் அடுத்தவர் நம்மைச் சொல்வது. தொலைபேசியில் நமக்கென்று இருப்பது குரல் ஒன்றுதான். எதிர்முனையில் இருப்பவர் அதைக் கேட்டுத்தான் ‘சார்’ என்கிறார் அல்லது ‘மேடம்’ என்கிறார். அந்த இரண்டு சொல்லும் நம்முடையதில்லையே. ‘வணக்கம், சொல்லுங்க’ என்றால் மரியாதைக்கு என்ன குறைந்துவிடும்? வங்கி அழைப்பு மையங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது இந்த அரங்கத்தில் இருந்தால், நாளை முதல் ‘சொல்லுங்க’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

இனி ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது. சம்பந்தப்பட்டவர் இதே அரங்கத்தில் இருக்கிறார், சொல்லச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறார், பெயர் வேண்டாம் என்றார். நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பூ விற்கிறார். அவரைப் பூக்கார அக்கா என்றே சொல்கிறேன். என்னைப் பார்க்க வந்த முதல் நாள், துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். ‘என் கணக்குல என் பணம் இருக்கு. போன்ல கேட்டா கணக்குக்காரம்மாவைக் கூப்பிடுங்க சார்னு சொல்றாங்க’ என்று எழுதியிருந்தது. நான்கு தடவை பேசி, நான்கு தடவையும் ‘உங்க வீட்டு அம்மாகிட்ட குடுங்க’ என்று சொல்லி, கடைசியில் மோசடி என்று சந்தேகப்பட்டு அட்டையை முடக்கிவிட்டார்கள். கூவாகம் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. மொத்தமாகப் பூ எடுக்கக் கையில் காசில்லை.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் குழாய்க் கேமரா வைத்துக் குரல்நாணில் கட்டி ஏதும் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகே தொடங்கினோம். அதைப் பார்க்காமல் எந்தப் பயிற்சியாளரும் தொடங்கக் கூடாது. ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழி விட்டுக்கொண்டே ஊதுகிற பயிற்சி, ‘ம்ம்’ என்று முனகி மூக்கின் மேல் அதிர்வைத் தொட்டுப் பார்க்கிற பயிற்சி, பிறகு சொல், பிறகு வாக்கியம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்ய விடமாட்டேன். பத்துப் பத்து நிமிடமாக, பூக்கட்டும் நேரத்தில். ஆறாவது வாரம் அறைக்குள் அவர் பேசினால் என் கண்ணே கலங்கும், அத்தனை இயல்பு. நானும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். எட்டாவது வாரம் குரலே இல்லாமல் வந்தார். முழுக்கக் கட்டிப்போய்விட்டது.

தப்பு என்னுடையது. அவர் பிழைப்பு தொலைபேசியில் இல்லை, பேருந்து நிலையத்தில். ஹாரன் சத்தத்துக்கு மேலே கூவ வேண்டும். மெதுவாகப் பேசக் கற்றுக்கொடுத்த நான், கூவக் கற்றுக்கொடுக்கவில்லை. சத்தம் கூட்டியவுடன் குரல் பழைய மார்புக்குள் விழுகிறது. நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் தொண்டையை நெரித்து மேலே இழுக்கிறார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நானும் என் பயிற்சி மாணவியும் அவர் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். ‘ரோஜா’ என்று கூவும்போது குரல் விழுந்தது. ‘மல்லி’ என்று கூவும்போது நின்றது. காரணம் எளிது. ‘ஆ’ சொல்ல வாய் அகலத் திறந்து ஒலி தொண்டையில் இறங்குகிறது. ‘ஈ’ சொல்ல நாக்கு முன்னால் வந்து, உதடு விரிந்து, குடம் சிறுத்து ஒலி பளிச்சென்று முன்னால் வருகிறது. அன்றையிலிருந்து அக்கா கூவுகிற வரிசை மாறியது. ‘மல்லீ, சாமந்தீ’ என்று வாலை நீட்டிவிட்டு நிறுத்திவிடுவார். ரோஜாவைக் கூவுவதே இல்லை, கூடையின் மேல் தெரிகிற மாதிரி வைத்துவிடுவார்.

மூன்று வாரம் கழித்து என் அறையிலிருந்தே வங்கிக்குப் பேசினார். எதிர்முனையில் ஒரு தம்பி, ‘சொல்லுங்க மேடம்’ என்றான். அக்கா சட்டென்று போனை வைத்துவிட்டார். ஏன் வைத்தீர்கள் என்றேன். பதில் இல்லை, திரும்ப அழைத்தார். வேறு ஒருவர், அவரும் ‘மேடம்’. மறுபடி வைத்தார். மூன்றாவது தடவைதான் கணக்கு எண்ணைச் சொன்னார். அட்டை திறந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் ஆத்தா சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

எல்லாத் திருநங்கையரும் குரலை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜமாத் தலைவி அம்மா அவர்கள் தன் கணீர்க் குரலிலேயே நாற்பது ஆண்டுகளாக ஜமாத்தை நடத்துகிறார்கள். அந்தக் குரலைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. நம் பயிற்சியாளர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருகிறவரிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். மீசை முளைத்தும் குரல் உடையாமல் வரும் பையன்களுக்கு நாம் காலம் காலமாகக் குரலை இறக்கிக் கொடுத்திருக்கிறோம். கைத்திறன் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே கைக்கு ஏற்றிக் கொடுக்கவும் முடியும்.

அறுவைச் சிகிச்சை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970களில் வகுத்த முறையில் குரல்வளைக் குருத்தெலும்புகளை நெருக்கித் தைத்து நாணை இழுத்து விறைப்பாக்குகிறார்கள், வீணையில் தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்குவது போல. ஜெர்மானிய மருத்துவர் வெண்ட்லரின் முறையில் நாண்களின் முன்பகுதியைச் சேர்த்துத் தைத்து, அதிரும் நீளத்தைக் குறைக்கிறார்கள், மெட்டில் விரல் வைப்பது போல. இரண்டும் தந்திக்குத்தான். குடத்தை இவை மாற்றுவதில்லை. ஆகவே கத்தி வைத்தாலும் முன்னும் பின்னும் பயிற்சி வேண்டும். துறைத்தலைவர் ஐயா தலையாட்டுகிறார்கள், எனக்கு அது போதும்.

அந்தப் பயிற்சியைக் கொடுப்பது யார்? நான்கு ஆண்டுப் பட்டம் படித்து, 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்படி அந்த மன்றத்தில் பதிவு செய்தவர்கள். மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, சென்னையிலும் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. அவர்களை ‘ஸ்பீச் டீச்சர்’ என்று கூப்பிடுகிறார்கள். ஆசிரியர் என்பது பெருமைதான், ஆனால் ஊதியப் பட்டியலில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் குழந்தைகளுக்காக ஒரு பயிற்சியாளர் இருக்கிறார், அவரும் ஒப்பந்தத்தில். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புக் கடிதத்துக்குக் காத்திருக்கிறார். திக்குவாய், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர், காது கேளாக் குழந்தை, திருநங்கை, எல்லோரும் அந்த ஒரு கதவைத்தான் தட்ட வேண்டும். பொன்னாடை ஏன் அவருக்கு என்று இப்போது விளங்கியிருக்கும்.

2019இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்தேன். காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை இருக்கிறது, ஹார்மோன் இருக்கிறது, லேசர் சிகிச்சைகூடப் பெயர் சொல்லி இருக்கிறது. குரல் என்ற சொல் இல்லை. முகத்து மயிரை லேசரால் நீக்குவதை நினைத்தவர்களுக்குக் குரல் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அதே பிரிவு, உலகத் திருநர் நல மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி மருத்துவக் கையேடு எழுதச் சொல்கிறது. அந்தச் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பில் குரலுக்கும் பேச்சுக்கும் தனி அதிகாரமே இருக்கிறது. சட்டம் கைகாட்டுகிற நூலிலேயே இருப்பதைத்தான் கேட்கிறோம். ‘வேறு எந்த உடல்நலச் சிக்கலும்’ என்ற சொற்றொடரும் அந்தப் பிரிவில் இருக்கிறது. அதற்குள் குரலை வைக்க ஓர் அரசாணை போதும்.

ஆகவே மனுவில் இரண்டே கோரிக்கைகள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பெரியவர்களுக்கென்று நிரந்தரப் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் ஒன்று. திருநருக்கான அரசுக் காப்பீட்டில் குரல் பயிற்சிக்கு இடம். சமூகநல அலுவலர் அம்மையார் முதல் கையெழுத்துப் போடுவதாக வாக்களித்திருக்கிறார்கள், பதவியில் இருந்துகொண்டு போடலாமா என்று யோசிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போட முடியாவிட்டால் அம்மையார் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினாலே எங்களுக்குப் பெரிய உதவி.

பள்ளிக்கூடம் பற்றிப் பேச நேரமில்லை, செயலர் இரண்டு தடவை சீட்டு அனுப்பிவிட்டார். மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். ஆட்சியர் முன் நின்று விஷயத்தைச் சொல்லப்போவது நான் இல்லை. பூக்கார அக்கா சொல்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். வியாபாரம் பாதிக்கக் கூடாது என்பதால் ஒன்பதரைவரை பேருந்து நிலையத்தில் இருப்பார், அங்கிருந்தே எல்லோரும் சேர்ந்து நடக்கிறோம்.

நன்றி, வணக்கம்.