ஆடி அமாவாசைக் காக்கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் பெயர் நிலைப்பது காமிராவாலா, எழுத்தாலா என்ற வழக்கில் நான் எழுத்தின் பக்கம்.

முதுமலை யானைகளை அவர் கறுப்பு வெள்ளையில் படமெடுத்ததையும், உதிரிபாகங்களைத் தாமே பொருத்திக் காமிரா செய்துகொண்டதையும் எதிரணி நண்பர் போற்றினார், நானும் போற்றுகிறேன். ஆனால் போகிறபோக்கில் அவர், "யானையைப் படமெடுக்கத் துணிவு வேண்டும்; கொல்லைப்புறத்துக் காக்கையைப் பற்றி எழுத ஓர் அறிஞர் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிச் சென்றார். அதற்கு விடை சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

காக்கையைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற புலவர் நச்செள்ளையார் வாழ்ந்த மொழி இது. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு, வள்ளல் நள்ளியின் காட்டுப் பசுக்கள் தந்த நெய்யோடு தொண்டியில் விளைந்த நெல்லின் சோற்றை ஏழு கலங்களில் ஏந்தி வைத்தாலும் அது சிறிதே என்று குறுந்தொகையில் பாடியவர் அவர். சங்கப் பாடல்களில் விலங்குகளையும் பறவைகளையும் தேடித் தேடிப் படித்த கிருஷ்ணனுக்குக் காக்கை எப்படி அற்பமாகும்?

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தந்தை மறைந்த ஆண்டின் ஆடி அமாவாசையன்று, அம்மா மதில்மேல் இலைத்துண்டில் எள்ளும் நெய்யும் கலந்த சோற்றை வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். வந்த காக்கை ஒரு வாய் கொத்தியது, விழுங்கவில்லை. அலகில் சோற்றோடு வேப்பமரத்துக்குப் பறந்தது. அம்மாவின் முகம் வாடிவிட்டது; அப்பா ஏற்றுக்கொள்ளவில்லையோ என்று கலங்கினார். கிருஷ்ணனைப் படித்துப் படித்து, எந்தப் பறவையையும் நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. அம்மாவை மரத்தடிக்கு அழைத்துச் சென்று காட்டினேன். தாழ்ந்த கிளையில் ஒரு குயில்குஞ்சு சிவந்த வாயைப் பிளந்து, சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு கத்தியது. காக்கை அந்த வாய்க்குள் அலகை ஆழ இறக்கிச் சோற்றை ஊட்டியது. மீண்டும் மதிலுக்கு, மீண்டும் கிளைக்கு. இப்படி இலை காலியாகும்வரை நின்று பார்த்த அம்மா, "பசித்த பிள்ளைக்குத்தான் கொடுத்திருக்கிறார்" என்றார். நண்பரே, அன்று என் கையில் காமிரா இல்லை. கண்ணைத் தந்தது கிருஷ்ணனின் எழுத்து.

அவருக்கு 1970இல் பத்மஸ்ரீ கிடைத்ததையும், தீபகற்ப விலங்குகளைப் பற்றிய அவருடைய கள ஆய்வையும் என் அணியினர் முன்பே சொல்லிவிட்டார்கள். நான் பேச விரும்புவது பதின்மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி. பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1925இல் செனட் சபையில் பேசி முடித்த எழுத்தாளர் அ. மாதவையா அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய கடைசிப் பிள்ளைதான் கிருஷ்ணன். சொல்லுக்காக உயிரைக் கொடுத்த தந்தையின் மகன் எழுதுகோலைக் கையிலெடுத்து, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரையாக 46 ஆண்டுகள் அணிலையும் மைனாவையும் ஆட்டையும் நரியையும் எழுதினார். அவருடைய கடைசிக் கட்டுரை 1996 பிப்ரவரி 18 அன்று வெளியானது. அன்றுதான் அவர் மறைந்தார்.