பீரங்கியின் மூன்றாம் நம்பர்

வணக்கம், நேயர்களே.

நம் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் "எங்கள் தாத்தா பட்டாளத்தில் இருந்தவர்" என்று ஒரு பேச்சு உண்டு. எந்தப் பட்டாளம், எந்த ஆண்டு, எங்கே சண்டை போட்டார் என்று கேட்டால் அதற்கு மேல் பேச்சு நகராது. ஒரு புகைப்படம் இருக்கும். ஒரு தகரப் பெட்டியில் கரையான் தின்றதுபோக மிஞ்சிய காகிதம் இருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. மிஞ்சியதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் போர்க்காலத்தை எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். நான் தேடியது என் பெரியப்பாவை. பீரங்கிப் படையில் இருந்தவர்.

ஆளைத் தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். அவர் இருந்த படைப்பிரிவைத் தேடுங்கள். ராணுவத்தின் அன்றாடக் காகிதங்களில் சாதாரணச் சிப்பாயின் பெயர் ஏறுவது அபூர்வம். அதிகாரிகளின் பெயர்தான் ஏறும். ஆனால் களத்தில் நின்ற ஒவ்வொரு ரெஜிமெண்டும் போர் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும் என்பது விதி. இடம், தேதி, மணி, நடந்தது என்று கட்டம் போட்ட படிவம் அது. பீரங்கியை எங்கே நிறுத்தினார்கள், எப்போது சுட்டார்கள், எந்த ஆற்றைக் கடந்தார்கள் எல்லாம் அதில் வரும். ரெஜிமெண்ட் தெரிந்தால், பெயரே வராத உங்கள் தாத்தாவும் அன்றைக்கு எந்த ஊரில் இருந்தார் என்பது தெரிந்துவிடும்.

அந்த ரெஜிமெண்டுக்குப் போகும் துப்பு பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கிறது. பெரியப்பாவின் படம் பெங்களூரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. சட்டைக் கையின் மேல்பகுதியில், சதுரத் துணி ஒன்றில் கருப்பாக ஓர் அடையாளம் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாரும் அதை வெற்றிலை என்றே சொல்லி வந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கீழே காம்பு அகன்று நிற்கிறது. அது சீட்டுக்கட்டின் இஸ்பேட். பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த பெரிய படைக்கு டிவிஷன் என்று பெயர். 25ஆம் இந்திய டிவிஷனின் சின்னம் இஸ்பேட் ஆசு. 1942இல் பெங்களூரில் உருவான டிவிஷன் அது. 23ஆம் இந்திய டிவிஷனுக்குச் சண்டைச் சேவல். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. ஆகவே பழைய படத்தில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். தோளைப் பாருங்கள், தொப்பியைப் பாருங்கள், படத்தின் பின்புறத்தைப் பாருங்கள்.

அடுத்து, பதக்கம். பதக்கம் தொலைந்து நாடா மட்டும் மிஞ்சியிருந்தாலும் போதும். கருநீலத்தின் நடுவே அகலமான சிவப்புப் பட்டை, இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடுகள் என்றால் அது பர்மா ஸ்டார். பச்சையின் நடுவே மஞ்சள் கோடு, ஓரங்களில் சிவப்பு என்றால் பசிபிக் ஸ்டார். 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை மலாயாவில் சண்டையிட்டவர்களுக்குக் கிடைத்தது பசிபிக் ஸ்டார்தான். இந்த இரண்டு நாடாக்களையும் பிரித்து அறிந்தாலே, பல வீடுகளில் வழங்கும் கதைகள் சரியான ஆண்டில் போய் உட்கார்ந்துவிடும். வட்டப் பதக்கம் இருந்தால் விளிம்பையும் துடைத்துப் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கிடைத்த பதக்கங்கள் சிலவற்றில் படை எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். அந்த எண்தான் உயிர். பெயரை நம்ப முடியாது. ஒரே முத்துசாமியை ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால் நிற்கும், இன்னோரிடத்தில் காணாமலே போயிருக்கும். எண் மாறாது.

மூன்றாவது துப்பு, பெரியவர்கள் வாயிலிருந்து விழுந்த சொற்கள். பெரியப்பா அடிக்கடி "நான் மூன்றாம் நம்பர்" என்பார். பந்தியில் மூன்றாவதாக உட்கார வைத்தால்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார். யாருக்கும் பொருள் தெரியாது. காது மந்தம் ஆகையால் உரக்கத்தான் பேசுவார். பெரியம்மா சட்டையைப் பிடித்து இழுத்து அடக்குவார். பிரிட்டிஷ், இந்தியப் பீரங்கி ரெஜிமெண்டுகளின் முக்கிய ஆயுதமான 25 பவுண்டர் பீரங்கியைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதை இயக்க ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், ஒரு வேலை. ஒன்றாம் நம்பர் ஹவில்தார், கட்டளை அவருடையது. குண்டுகளை எடுத்துத் தருவதற்கும் ஏற்றுவதற்கும் ஆட்கள். மூன்றாம் நம்பர் பீரங்கியின் இடப்பக்கம் உட்கார்ந்து, குறிக்கண்ணாடி வழியே பார்த்துத் திசையைச் சரிசெய்பவர். சுமார் 11 கிலோ எடையுள்ள குண்டு, 12 கிலோமீட்டர் தொலைவு வரை போய் விழும். அவர் கை ஒரு நூலளவு பிசகினாலும் அது நம் ஆட்கள் மேலேயே விழக்கூடும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகள் மட்டுமே படித்த ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டுப் புரிந்துகொள்ள எங்களில் ஒருவரும் இல்லாமல் போனோம். எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

"தாத்தா டாங்கி ஓட்டினார்" என்று சொல்லும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. 1942 ஜனவரி 7 விடியற்காலையில் ஸ்லிம் ரிவர் சாலையில் நுழைந்து அணிகளைச் சிதறடித்தவை ஜப்பானிய டாங்கிகள். பிரிட்டிஷ் தரப்பில் இருந்தவை கவச வண்டிகளும், சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் பிரென் கேரியர்களும். தாத்தா ஓட்டியது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அந்தப் பெயர்களை வைத்தும் தேடுங்கள்.

எங்கள் குடும்பக் கதைக்கு வருகிறேன். பெரியப்பா சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் இறங்கி ஜப்பான்காரனைச் சுட்டு விரட்டினார் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். இறங்கியது உண்மை. 25ஆம் டிவிஷன் 1945 செப்டம்பர் 9 அன்று மோரிப்பில் இறங்கியது. ஆனால் ஆகஸ்ட் 15 அன்றே ஜப்பான் சரணடைவதாக அறிவித்திருந்தது. போட்ட திட்டப்படி இறங்கினார்கள், எதிர்ப்பு இல்லை. வண்டிகள்தான் மணலிலும் சேற்றிலும் புதைந்துபோயின. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று, இதே கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் ஜப்பானியத் தளபதி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பெரியப்பா உண்மையில் சண்டையிட்டது பர்மாவின் மேற்குக் கடற்கரைப் பகுதியான அரக்கானில். 1944 முதல் மழையிலும் சதுப்பிலும் முன்னேறி, 1945 ஜனவரியில் மியெபோன், கங்காவ் வரை போன டிவிஷன் அது. கங்காவ் போரைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவர் ஒருமுறைகூட அந்த ஊரின் பெயரைச் சொன்னதில்லை. மோரிப்பை மட்டும்தான் சொன்னார்.

ஏன் சொல்லவில்லை? நான் நினைப்பதைச் சொல்கிறேன். என் தாய்மாமா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, இங்கிருந்து பர்மாவுக்குப் போனவர். அந்த ராணுவம் அரக்கானிலும் இம்பாலிலும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு எதிரே நின்றது. ஒரே கல்யாண வீட்டில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மாமாவைப் பற்றி ஊரே பேசும், பேச வேண்டியதுதான். பெரியப்பா "வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவர்" என்று ஒதுங்கிப்போனார். ஊரில் பஞ்சமும் கடனும் துரத்த, சம்பளத்துக்குச் சேர்ந்த இருபத்துச் சொச்ச வயதுப் பையன் அவர். இந்த இருவரில் ஒருவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நியாயம் என்று எனக்குப் படவில்லை.

இனி, காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்பது. தென்கிழக்காசியக் களத்தின் போர் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ ஓ 172 என்ற வரிசையில் இருக்கின்றன. பணம் கட்டினால் நகல் எடுத்து அனுப்புவார்கள். சிப்பாயின் சொந்தப் பணிப்பதிவு அங்கே கிடைக்காது. இந்திய ராணுவச் சிப்பாய்களின் பதிவுகள் இந்தியாவிலேயே தங்கிவிட்டன. பீரங்கிப் படைக்கு மகாராஷ்டிராவில் நாசிக் ரோடு கேம்ப்பில் ஆவண அலுவலகம் இருக்கிறது. எழுதும்போது படை எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம், உங்களுக்கு என்ன உறவு என்பதையெல்லாம் தெளிவாக எழுதி, படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்றிதழின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் தாமதமாகும், பொறுமை வேண்டும்.

போரில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் காசில்லாமல் பார்க்கலாம். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரிலும், பர்மாவில் தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவிடத்திலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கிராஞ்சிச் சுவரில் மட்டும் 24,000 பேருக்கு மேல். தைப்பிங் போர்க் கல்லறைக்கு இங்கிருந்து ஒரே நாளில் போய் வரலாம்.

பந்திங், ஜுக்ரா, மோரிப் பக்கத்து நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். 1945 செப்டம்பரில் படை இறங்கியதைப் பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்திருப்பார்கள். அன்று தோட்டத்துப் பக்கம் வந்த சிப்பாய்களில் தமிழ் பேசியவர்களைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், எத்தனை சிறிய செய்தியானாலும் எழுதி இந்த வானொலி நிலையத்துக்கு அனுப்புங்கள். சொன்னவர் யார், எந்தத் தோட்டம் என்பதையும் குறிப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.