பேரப்பிள்ளைகளுக்கு நேராகச் சொத்து: அமெரிக்காவின் இன்னொரு வரி

வணக்கம் மக்களே. இன்றைக்கு அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கான விஷயம். தாத்தா பாட்டி தங்கள் சொத்தைப் பிள்ளைகளைத் தாண்டி நேராகப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்தால், எஸ்டேட் வரிக்கு, அதாவது ஒருவர் இறந்ததும் அவர் விட்டுச்செல்லும் சொத்துக்குப் போடும் வரிக்கு மேல், தனியாக இன்னொரு வரி இருக்கிறது. தலைமுறை தாண்டும் சொத்து மாற்ற வரி (generation-skipping transfer tax) என்று அதற்குப் பெயர். படிப்படியாக ஏறும் வரி இல்லை, எடுத்த எடுப்பிலேயே 40 சதவீதம்.

பதற வேண்டாம், முதலில் விலக்கைச் சொல்லிவிடுகிறேன். 2026இல் ஒருவருக்கு 15 மில்லியன் டாலர் வரை விலக்கு. 2025 ஜூலையில் வந்த சட்டம் கொடுத்தது இது. 2027 முதல் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். அதனால் நம்மில் பெரும்பாலோர் இந்த வரியைக் கட்டப் போவதே இல்லை. சொந்தத் தொழில், நிலம், பல மடங்கு ஏறிப்போன பங்குகள் என்று வைத்திருக்கும் குடும்பங்கள் மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இந்த வரி ஏன் வந்தது? அப்பா இறந்தால் ஒரு எஸ்டேட் வரி, மகன் இறந்தால் இன்னொன்று என்பதுதான் அரசின் கணக்கு. பெரும் பணக்காரர்கள் டிரஸ்ட் (ஒருவர் சொத்தை இன்னொருவர் பொறுப்பில் வைத்து, குடும்பத்தாருக்காக நிர்வகிக்கச் சொல்லும் ஏற்பாடு) போட்டு, மகனுக்கு வருமானம் மட்டும், மூலதனம் பேரனுக்கு என்று எழுதினார்கள். மகன் இறக்கும்போது அது அவர் சொத்தே இல்லை, ஒரு சுற்று வரி மிச்சம். இதை அடைக்க 1976இல் ஒரு சட்டம் வந்தது. அது ஒரே சிக்கல். 1986இல் அதை ரத்து செய்துவிட்டு இப்போதுள்ளதைக் கொண்டுவந்தார்கள்.

பேரனுடைய அப்பாவோ அம்மாவோ, அதாவது உங்கள் பிள்ளை, ஏற்கெனவே இறந்துவிட்டால் பேரன் அந்த இடத்துக்கு ஏறிவிடுவான், இந்த வரி கிடையாது. சொந்தமே இல்லாதவருக்குக் கொடுத்தாலும் அவர் உங்களைவிட முப்பத்தேழரை வயதுக்கு மேல் இளையவர் என்றால் வரி உண்டு!

சரி, பலர் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். எஸ்டேட் வரியிலும் ஒருவருக்கு அதே 15 மில்லியன்தான் விலக்கு. அதில் கணவர் பயன்படுத்தாமல் விட்ட விலக்கை, அவர் இறந்தபின் உரிய படிவம் தாக்கல் செய்தால் மனைவி எடுத்துக்கொள்ளலாம். ஆக இருவருக்கும் சேர்த்து 30 மில்லியன். பேரப்பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. இந்த விலக்கு கைமாறாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். கணவர் எல்லாவற்றையும் மனைவி பேரில் எழுதிவிட்டு இறக்கிறார். அதே வருடம் மனைவியும் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எளிதாக இருக்கும். மொத்தம் 25 மில்லியன், அத்தனையும் பேரப்பிள்ளைகளுக்கு. எஸ்டேட் வரி பூஜ்யம். ஆனால் இந்த வரிக்கு மனைவியின் 15 மட்டும்தான் விலக்கு. மீதி 10 மில்லியனில் வரி போக பேரப்பிள்ளைகள் கைக்கு வரும் தொகைமீது 40 சதவீதம், அதாவது சுமார் 2.86 மில்லியன் டாலர் போகும். கணவர் தன் பங்கை ஒரு டிரஸ்டில் வைத்து, தன் விலக்கை அதற்கு ஒதுக்க வழி செய்திருந்தால் இந்தத் தொகை முழுக்க மிச்சம். உயில் எழுதும்போது வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன்.

டிரஸ்டுக்கு ஒதுக்குவதில் ஒரு லாபமும் உண்டு. 5 மில்லியன் போட்டு 5 மில்லியன் விலக்கை ஒதுக்கிவிட்டால், அது பின்னாளில் 20 மில்லியனாக வளர்ந்தாலும் இந்த வரி தொடாது. தெற்கு டகோட்டா போன்ற மாநிலங்களில் டிரஸ்டுக்குக் கால வரம்பே இல்லை. கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று போய்க்கொண்டே இருக்கலாம். இது நியாயமா என்றால், எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. சட்டம் இப்படித்தான் இருக்கிறது.

இவ்வளவு பெரிய தொகை இல்லாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2026இல் ஒரு பேரப்பிள்ளைக்கு வருடம் 19,000 டாலர் வரை நேரடியாகக் கொடுத்தால், விலக்கில் கை வைக்காமலே முடிந்துவிடும். டிரஸ்ட் வழியாகக் கொடுத்தால் தனி நிபந்தனைகள் உண்டு. கல்விக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் வரம்பே கிடையாது. ஆனால் பணம் கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ நேராகப் போக வேண்டும். பேத்தியின் வங்கிக் கணக்கில் போட்டு, அவள் கட்டினால் இந்தச் சலுகை போச்சு. கல்லூரி என்றால் கட்டணம் மட்டும்தான். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அந்த 19,000க்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.