தென்னாப்பிரிக்கா 1995: கோப்பைக்கு முன்னால் ஒரு தீர்ப்பு

[திரையில்: எல்லிஸ் பார்க் மைதானம், ஜோகன்னஸ்பர்க், ஜூன் 24]

வணக்கம். பச்சைச் சட்டை, முதுகில் 6 என்ற எண். ரக்பி அணித் தலைவர் பிரான்சுவா பினாரின் எண் அது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரக்பி உலகக் கோப்பையை அவர் கையில் கொடுத்தவர் அதிபர் நெல்சன் மண்டேலா. 1995 என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது இந்தக் காட்சிதான். என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் பெரிய வெற்றி அதற்கு 18 நாள் முன்பே அதே ஊரில் கிடைத்துவிட்டது.

[திரையில்: அரசமைப்பு நீதிமன்றம்]

பிப்ரவரி 14 அன்று புதிய அரசமைப்பு நீதிமன்றத்தை மண்டேலா திறந்து வைத்தார். சொந்தக் கட்டடம்கூட அதற்கு அப்போது இல்லை. தான் கடைசியாக நீதிமன்றத்தில் நின்றது, தூக்குத் தண்டனை கிடைக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று அங்கே சொன்னார். 1964-இன் ரிவோனியா வழக்கு அது.

மறுநாளே முதல் வழக்கு விசாரணைக்கு வந்தது: மரண தண்டனை செல்லுமா?

பிரிட்டோரியா சிறையின் தூக்குமேடையில் ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தூக்கிலிட முடியும். அங்கே உயிர்விட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இந்த வழக்கு நடந்தபோது 300-க்கும் மேற்பட்டோர் தூக்கை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தார்கள். வெளியிலோ குற்றங்கள் பெருகி, தூக்கு வேண்டும் என்ற குரல் பலமாக இருந்தது. ஜூன் 6 அன்று, ஆர்தர் சாஸ்கல்சன் தலைமையில் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தார்கள். பெரும்பான்மை மக்களின் கருத்தைப் பார்த்து உரிமைகளை முடிவு செய்ய முடியாது என்றது தீர்ப்பு. பிறந்து சில மாதமே ஆன நீதிமன்றத்துக்கு எவ்வளவு துணிச்சல்!

[திரையில்: டர்பன், ஜூன் 17, கொட்டும் மழை]

இப்போது ரக்பிக்கு வருவோம். பிரான்சுடன் அரையிறுதி. மைதானத்தில் குளம்போல் தண்ணீர். பெண்கள் துடைப்பத்துடன் இறங்கித் தண்ணீரைத் தள்ளினார்கள். அதன் பிறகுதான் ஆட்டமே தொடங்கியது. 19-15 என்று தென்னாப்பிரிக்கா தப்பித்தது.

இந்த அணியின் ஸ்பிரிங்பாக் மான் சின்னம் நிறவெறி ஆட்சியின் சின்னமாகவே கறுப்பின மக்களுக்குத் தெரிந்தது. மைதானத்துக்குப் போனால் எதிரணிக்குக் கைதட்டுவார்கள். 1995 அணியிலும் வெள்ளையர் அல்லாத வீரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். அப்படியிருந்தும், கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர்களின் 'ஷோஷலோசா' பாட்டை வெள்ளையர் கூட்டம் பாடியது. அது சின்ன விஷயமில்லை.

இறுதிப் போட்டியில் எதிரே நியூசிலாந்து, அதன் நட்சத்திர வீரர் ஜோனா லோமு. 9-9 என்று சமநிலை, கூடுதல் நேரம், பந்தைத் தரையில் தட்டி எழும்போது உதைத்து தென்னாப்பிரிக்காவின் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி அடித்த டிராப் கோல். 15-12. தென்னாப்பிரிக்காவின் 15 புள்ளிகளும் அவர் காலிலிருந்து வந்தவை.

[திரையில்: ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை]

ஆகஸ்டில் மண்டேலா, வெள்ளையருக்கென்றே அமைந்த ஒரானியாவுக்குப் போய், நிறவெறிக் கொள்கையின் சிற்பி வெர்வூர்டின் மனைவியைச் சந்தித்தார். டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளி வழக்கறிஞர் நவி பிள்ளை அதே ஆண்டு உயர் நீதிமன்ற நீதிபதியானார். நவம்பர் 1 அன்று உள்ளாட்சித் தேர்தல். ஆனால் அரசியல் வன்முறையால் ரத்தம் சிந்திய குவாசுலு-நடாலில் வாக்குப்பதிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. டிசம்பரில், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது.

அதே டிசம்பரில் இன்னொரு கோப்பை! ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவின் கால்பந்து அணி ஆர்லாண்டோ பைரட்ஸ், சொந்த ஊரில் 2-2 என்று டிரா செய்துவிட்டு, ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் போய் அந்த ஊர் ஆசெக் மிமோசாஸ் அணியை 1-0 என்று வீழ்த்தியது. ஆப்பிரிக்க சாம்பியன் பட்டம் வென்ற முதல் தென்னாப்பிரிக்க கிளப் அதுதான்.