பண்டல் வர்ற நேரம்

வணக்கம் நேயர்களே. ரேடியோல பேச வாங்கன்னு கூப்பிட்டப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. நான் எழுத்தாளரும் இல்ல, புரொஃபசரும் இல்ல. அம்பாசமுத்திரத்துல முப்பது வருஷத்துக்கு மேல பேப்பர் ஏஜென்ட், கூடவே பகுதி நேர நிருபர். சின்ன ஊர்கள்ல இந்த ரெண்டு வேலையையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் பாப்பாங்க. காலைல பேப்பர் போடணும், மத்தியானம் மறுநாள் பேப்பருக்கு நியூஸ் தேடி அலையணும், மாசம் பொறந்தா வீடு வீடா பில்லுக்கு நிக்கணும், இதுக்கு நடுவுல வீட்டுல ஒரு ஆள் இருக்கான்னு பொண்டாட்டி புள்ளைங்களுக்கு ஞாபகப்படுத்தணும்.

திருநெல்வேலில அச்சாகி, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சின்னு ஒவ்வொரு ஊர்லயும் பண்டலைத் தள்ளிவிட்டுட்டு வேன் எங்க பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது மணி நாலரை ஆயிருக்கும். அப்போ நாலு பசங்க சைக்கிளோட நிப்பாங்க. பண்டலைப் பிரிச்சு, இணைப்பைச் சொருகி, ஜவுளிக்கடை நோட்டீஸை உள்ள வச்சு, ஆளுக்கு ஒரு லைன்னு எடுத்துட்டுக் கிளம்புனா ஆறரைக்குள்ள ஊர் முழுக்கப் போட்டு முடிச்சிருவாங்க. இப்போ நாலு லைனும் சுருங்கி ஒரே லைன் ஆயிருச்சு. பையனும் கிடையாது, நானே டிவிஎஸ் எக்ஸெல்ல போட்டுட்டு வந்துர்றேன்.

போன் வந்துச்சு பேப்பர் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது பாதிதான் உண்மை. படிக்கிற ஆள் குறைஞ்சதுக்கு முன்னாடியே விளம்பரம் போயிருச்சு. நீங்க குடுக்குற காசுல பேப்பர் ஓடாது, என் கமிஷனும் வேன் வாடகையும் கழிஞ்சா காகிதக் காசுக்கே பத்தாது. ஓட்டுனது வரி விளம்பரம். மணமகள் தேவை, வீடு வாடகைக்கு, பழைய புல்லட் விற்பனைக்குன்னு எங்க கடைல வந்து எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க, எத்தனை வார்த்தைன்னு எண்ணிக் காசு வாங்குவேன். "அழகான"ங்கற வார்த்தையை எடுத்துட்டா எவ்வளவு குறையும்னு கேட்ட அப்பாமாரு எல்லாம் உண்டு. வரன் பாக்கறது பாரத் மேட்ரிமோனி மாதிரி சைட்டுகளுக்குப் போச்சு, பழைய வண்டி ஓஎல்எக்ஸுக்குப் போச்சு, கண்ணீர் அஞ்சலி பாதி ஃபிளெக்ஸுக்குப் போச்சு. இன்னைக்கும் விடாம வர்றது பேங்க்காரங்க போடுற சொத்து ஏல அறிவிப்பு. அதை ரெண்டு பத்திரிகைல, அதுலயும் ஒண்ணு உள்ளூர் மொழிப் பத்திரிகையா பாத்துப் போடணும்னு விதி இருக்கு. அதாவது ஒருத்தன் வீடு முழுகிப்போனா எங்களுக்குக் கொஞ்சம் வருமானம்.

இன்னொரு அடி காகிதத்துல விழுந்துச்சு. கரூர் பக்கம் காகிதபுரம்னு ஊரே இருக்கு, 1979ல நம்ம அரசாங்கம் தொடங்குன கம்பெனி, தமிழ்நாடு நியூஸ்பிரிண்ட்னு பேரு, கரும்புச் சக்கையில இருந்து பத்திரிகைக் காகிதம் செய்யத்தான் தொடங்குனாங்க. இப்போ அங்க அதிகமா ஓடுறது எழுதுற காகிதமும் புத்தகம் அச்சடிக்கிற காகிதமும்தான். நியூஸ்பிரிண்ட்டுக்குப் பாதிக்கு மேல வெளிநாட்டை நம்பிக் கிடக்கோம். 2019 பட்ஜெட்ல இறக்குமதிக்கு 10 சதவீதம் வரி போட்டாங்க, மறு வருஷம் 5 ஆக்குனாங்க, 2022ல ரஷ்யா உக்ரைன் சண்டை வந்ததும் விலை எங்கேயோ போச்சு. அதே 2022 மார்ச்ல இலங்கைல காகிதம் இறக்குமதி பண்ண டாலர் இல்லாம தி ஐலண்ட், திவயினன்னு ரெண்டு பேப்பர் அச்சுப் பதிப்பை நிறுத்தி வச்சுச்சு. இங்க அந்த நிலைமை வரல, பக்கம்தான் குறைஞ்சுச்சு. அதுலயும் முதல்ல கைவச்சது உள்ளூர்ச் செய்தி வர்ற எங்க ஊர்ப் பக்கத்துல. சினிமாப் பக்கம் அப்படியே இருக்கு பாருங்க.

ஊர்ப் பக்கம்னா என்னன்னு இப்போ உள்ள பசங்களுக்குச் சொல்லணும். எங்க ஏரியாவுல விவசாயிங்க தலைப்புச் செய்தி பாக்க மாட்டாங்க, நேரா அணை நீர்மட்டத்துக்குப் போவாங்க. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இது முழு நீர்மட்டம், சின்னப் புள்ளைகூட சொல்லும். இன்னைக்கு எத்தனை அடி நிக்குது, எவ்வளவு வருது எவ்வளவு விடுறாங்கன்னு நாலே வரி. அதைப் பாத்துட்டுத்தான் நாத்துப் பாவலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. அதுக்குக் கீழ மின்தடை எந்தெந்த ஊர்னு இருக்கும், அதுக்கும் கீழ நகராட்சிக் கூட்டத்துல எந்த வார்டு கவுன்சிலர் தண்ணி வரலன்னு வெளிநடப்பு பண்ணாருன்னு நான் எழுதுனது இருக்கும். அந்தக் கூட்டத்துல பெஞ்சுல மூணு நாலு நிருபர் உக்காந்திருப்போம். இப்போ பல மாசம் பெஞ்சு காலி. தீர்மானம் எல்லாம் படபடன்னு நிறைவேறுது, எதுத்துக் கேட்டாலும் எழுத ஆள் இல்லைன்னு தெரிஞ்சா எவரு மெனக்கெட்டுக் கேப்பாரு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச நாள் எதுன்னா பிளஸ் டூ ரிசல்ட் நாள்தான். அப்போ ரிசல்ட் மாலைப் பேப்பர்ல நம்பர் நம்பரா வரும். மத்தியானத்துலேர்ந்தே பஸ் ஸ்டாண்டுல கூட்டம் கூடிரும், சில அப்பாமாரு எதுக்கோ வந்த மாதிரி டீக்கடை ஓரமா நிப்பாங்க, வண்டி வந்ததும் பண்டலைப் பிரிக்கவிட மாட்டாங்க, கயிறோட இழுப்பாங்க. ஒரு வருஷம் ஒரு பொண்ணு பேப்பர் வாங்கித் தேடிப் பாத்துட்டு நம்பர் இல்லன்னு அங்கயே உக்காந்து அழுவுது, நான் வாங்கிப் பாத்தா வேற மாவட்டத்து வரிசையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. திருப்பி எடுத்துக் காமிச்சதும் அந்தம்மா, அதான் அதோட அம்மா, என் சட்டைப் பைல பத்து ரூபாயைத் திணிச்சுட்டுப் போயிட்டாங்க. இப்போ அவங்கவங்க போன்ல மார்க்கோட வந்துருது. நல்லதுதான், நான் ஒண்ணும் குறை சொல்லல, அந்த அழுகை எல்லாம் யாருக்கு வேணும்.

இப்போ பிடிஎஃப் கதைக்கு வர்றேன். காலைல அஞ்சு மணிக்கு நான் பண்டலைப் பிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே அதே பேப்பர் மொத்தமும் பிடிஎஃப்பா வாட்ஸ்அப் குரூப்ல வந்து விழுது. 2020ல கொரோனா நேரத்துல பேப்பர் தொட்டா ஒட்டிக்கும்னு எவனோ கிளப்பிவிட்டான், வீட்டுக்கு வீடு நிறுத்திட்டாங்க, அப்போதான் இந்தப் பழக்கம் வேர் பிடிச்சுது. இப்படி அனுப்புறது சட்டப்படி தப்புன்னு இந்தியச் செய்தித்தாள் சங்கம் அந்த வருஷமே சொல்லுச்சு. அதுக்கு எங்க குரூப்ல ஒரு அண்ணாச்சி கட்டை விரலை உசத்திக் காமிச்சுட்டு அடுத்த நாள் பிடிஎஃப்பை அனுப்புனாரு.

ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். ஏதாவது பெரிய விஷயம் வாட்ஸ்அப்ல சுத்துனா அதே அண்ணாச்சி என்கிட்டதான் கேப்பாரு, "பேப்பர்ல வந்துச்சா?" பொய் பரப்புறவனும் இதைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கான், பேப்பர் பேரைப் போட்டு அதே கலர்ல நியூஸ் கார்டு செய்யுறான். காரணம் பெருசா ஒண்ணும் இல்ல. எந்தப் பேப்பரா இருந்தாலும் ஒரு மூலைல பொடி எழுத்துல அச்சிட்டு வெளியிடுபவர் யாரு, ஆசிரியர் யாரு, அச்சான இடம் எதுன்னு இருக்கும். 1867ல வந்த சட்டத்துல தொடங்குன வழக்கம் அது, வெள்ளைக்காரன் நம்மளைக் கண்காணிக்கப் போட்டது, நமக்கும் உபயோகமாப் போச்சு. 2024ல அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வந்துருச்சு. தப்பு நடந்தா சட்டையைப் பிடிக்க ஒரு ஆள் இருக்கான். எங்க ஊர்ல அந்தச் சட்டை என் சட்டை.

பிடிச்சும் இருக்காங்க. ஒரு தடவை பக்கத்துக் கிராமத்துல அம்மன் கோயில் கொடை, அதான் திருவிழா. செவ்வாய்க்கிழமைன்னு கிழமையைச் சரியா எழுதிட்டேன், தேதியை ஒரு வாரம் முன்னாடி போட்டுட்டேன். வெளியூர்ல கட்டிக்குடுத்த பொண்ணுங்க நாலஞ்சு பேரு பேப்பரைப் பாத்துட்டு புள்ளை குட்டி, பெட்டி படுக்கையோட வந்து இறங்கிட்டாங்க. வந்து பாத்தா பந்தக்கால்கூட ஊணல. தர்மகர்த்தா விடிஞ்சும் விடியாம என் கடை வாசல்ல நிக்காரு. "என்ன வே, அம்மனுக்கே நீரு தேதி குறிக்கீரோ?" திருத்தம் போட்டேன், வந்தவங்களுக்குப் போகவர பஸ் காசையும் குடுத்தேன், அதுலயும் ரெண்டு பேரு எதுக்கு அலையணும்னு கொடை முடியற வரைக்கும் பொறந்த வீட்டுலயே தங்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரங்க என்னைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு ரேடியோல சொல்ல முடியாது.

அன்னைலேர்ந்து அந்தத் தர்மகர்த்தா வருஷா வருஷம் கொடை விவரத்தைத் தாள்ல எழுதி எடுத்துட்டு வருவாரு, நான் எழுதி முடிச்சதும் வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் போவாரு. இந்த வருஷம் அவரு பேரன் கலர்ல டிசைன் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பிட்டான். ஊர் முழுக்கப் பரவிருச்சு, வெளிநாட்டுக்கே போயிருச்சு. சாயங்காலம் பெரியவரே போன் பண்ணாரு. "பேப்பர்லயும் வந்துரும்லா?"

ஊர்ப் பக்கம் இப்போ அரைப் பக்கம், அதையும் மூணு மாவட்டத்துக்குப் பிரிச்சுக் குடுத்திருக்காங்க, கொடைச் செய்தி எல்லாம் எடுக்கறது இல்லன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது. சரின்னுட்டேன். டிடிபி கடைல என் காசுல சின்ன நோட்டீஸ் அடிச்சேன், தேதியை மூணு தடவை காலண்டரை வச்சுச் சரிபாத்தேன், மறுநாள் காலைல பண்டலைப் பிரிச்சு ஒவ்வொரு பேப்பர் உள்ளயும் வச்சுப் போட்டுட்டேன். பேப்பரோட வந்ததால பேப்பர்ல வந்ததுன்னுதான் பெரியவர் நினைச்சுக்கிட்டு இருக்காரு. இந்த நிகழ்ச்சியை அவரு கேக்காம இருக்கணும்.

நாலரைக்கு வேன் வந்துரும், நான் போய்ப் படுக்கணும். வணக்கம்.