வெயில் பேச்சும் ஆங்கிலமும்

(ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பின் நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கட்டணம் வாங்காமல் இந்த வகுப்பை நடத்திவரும் ஆசிரியை அவர்களே, மண்டபம் தந்து உதவிய நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்ட பேராசிரியர் அவர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்துவிட்ட புத்திசாலிகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த வெக்கையில் ஒருவருக்குச் சால்வை போர்த்த மிகுந்த அன்பு வேண்டும்.

அன்றாட ஆங்கிலத்தில் வெயிலைப் பற்றிப் பேசுவது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, சொற்கள். இரண்டு, அவற்றைப் பேசும் பாங்கு. மூன்று, அமெரிக்கர்கள் வெப்பத்தை அளக்கும் ஃபாரன்ஹீட் கணக்கு. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். சொல்லின் அருமையும் அப்படித்தான், வேண்டிய நேரத்தில் வாய்க்கு வராதபோது தெரியும்.

‘ஹாட்’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டே பலர் காலம் தள்ளுகிறார்கள். ஆங்கிலேயர்களோ வெயில் என்றதும் அடுப்படிக்குள் போய்விடுவார்கள். ‘இட்ஸ் பாயிலிங்’, ‘இட்ஸ் பேக்கிங்’, ‘இட்ஸ் ரோஸ்டிங்’ எல்லாமே சமையல்தான். சுட்டெரிக்கும் நாளென்றால் ‘இட்ஸ் எ ஸ்கார்ச்சர்’. பாயிலிங்கோடு ‘வெரி’ சேர்க்காதீர்கள். கொதிப்பதே உச்சம், அதற்கு மேல் என்ன ‘வெரி’? ‘அப்சல்யூட்லி பாயிலிங்’ என்று சொல்லுங்கள், பொருத்தமாக இருக்கும்.

புழுக்கத்துக்கு வேறு சொற்கள். ‘ஹ்யூமிட்’ தெரியும், பேச்சில் ‘மகி’, ‘ஸ்டிக்கி’ என்பார்கள். பிரிட்டனில் ‘இட்ஸ் க்ளோஸ் டுடே’ என்றால் காற்றே அசையாத இறுக்கம். கடையை மூடிவிட்டார்கள் என்று திரும்பிப் போய்விடாதீர்கள். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் அது உலராது. அதனால்தான் வானிலைச் செய்தியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் ‘ஃபீல்ஸ் லைக்’ என்று, உடம்புக்கு எவ்வளவு சூடாகத் தெரியும் எனக் காட்டும் இன்னோர் எண் இருக்கிறது. இதை மனதில் வையுங்கள், அப்புறம் வருகிறேன்.

இனி பாங்கு. இரண்டு ஆங்கிலேயர் சந்தித்தால் முதல் பேச்சு வானிலைதான் என்று ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1758-லேயே எழுதிவிட்டார். இதைத் தெரிந்துகொள்ளாமல் என் நண்பர் ஒருவர் வேலைக்காக லண்டன் போனார். வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர். ஜூலை மாதம். லிஃப்டில் கூட ஏறியவர் டையைத் தளர்த்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘ஹாட் இனஃப் ஃபார் யூ?’ என்றார். ‘உங்களுக்கு இந்தச் சூடு போதுமா?’ என்று பொருள் வந்தாலும் அது கேள்வியே இல்லை, ‘என்ன வெயில் பார்த்தீர்களா’ என்பது போலத்தான். நம் நண்பரோ கேட்டதற்குப் பதில் சொல்வதே மரியாதை என்று வளர்ந்தவர். நன்றாக யோசித்து, முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல், ‘நோ சார். நாட் இனஃப்’ என்றார்.

லிஃப்டே வெடித்துச் சிரித்தது. தன் உச்சரிப்புதான் சரியில்லை என்று நினைத்து, இன்னும் தெளிவாக, நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொன்னார். சிரிப்பு இரண்டு மடங்கானது. மறுநாள் அந்த மனிதர் இன்னொருவரைக் கூட்டிவந்து, ‘நான் சொன்னேனே, இவர்தான், கேளுங்கள்’ என்றார். கேட்டார்கள். இவரும் நாணயமாக அதே பதிலைச் சொன்னார். கோடை முடிவதற்குள் பெரிய நகைச்சுவையாளர் என்று பெயர், விருந்துகளுக்கு அழைப்பு. குளிர்காலம் வந்து பனி கொட்டியது. அந்த ஆள் விடவில்லை. கையுறையோடு லிஃப்டில் ஏறி, ‘ஹாட் இனஃப் ஃபார் யூ?’ அப்போதுதான் நண்பருக்குப் பொறி தட்டியது!

யாராவது ‘ஹாட், இஸின்ட் இட்?’ என்றால் ‘இட் இஸ், இஸின்ட் இட்?’ என்று திருப்பிக் கொடுங்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க மாட்டார்கள்.

சரி, சிரிப்பு போதும். வெயில் சிரிக்கும் விஷயமாக இப்போது இல்லை. 2022 ஜூலை 19-ல் இங்கிலாந்தின் கானிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த நாளுக்கு முன் பிரிட்டனில் 40 டிகிரி பதிவானதே இல்லை. அந்த நாட்டில் வேலையிடத்துக்கு இத்தனை டிகிரிதான் உச்சம் என்று சட்டம் எண் எதுவும் வைக்கவில்லை. கத்தார் வைத்த விதியைப் பாருங்கள். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது வெயிலில் நிற்பவனுக்குச் சரி. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை வாங்குபவனுக்கு அதைச் சட்டம் போட்டுத்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் எங்கே போனாலும் கேட்பதை இங்கேயும் கேட்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத் தருகிற எல்லோரும் முதல் பாடத்திலேயே சில வாக்கியங்களைச் சொல்லித் தரட்டும். ‘ஐ ஃபீல் டிஸி’, தலை சுற்றுகிறது. ‘ஐ நீட் டு சிட் இன் த ஷேட்’, நிழலில் உட்கார வேண்டும். ‘ஹி இஸ் கன்ஃப்யூஸ்ட், கால் ஆன் ஆம்புலன்ஸ்’, அவர் குழம்பிப் பேசுகிறார், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வெயிலில் வேலை செய்தவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அது ‘ஹீட் ஸ்ட்ரோக்’ ஆக இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட வேண்டும். ‘ஃபீல்ஸ் லைக்’ எண்ணையும் மேஸ்திரியிடம் கேட்கத் தெரிய வேண்டும். வெறும் வெப்பநிலையைக் காட்டி ‘இது என்ன பெரிய சூடு’ என்பார், விடாதீர்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஃபாரன்ஹீட்டுக்கு ஒரே வரி: அமெரிக்கர் ‘இன் த நைன்டீஸ்’, அதாவது வெப்பம் தொண்ணூறுகளில் இருக்கிறது என்றால் பதறாதீர்கள், அது செல்சியஸில் 32-லிருந்து 37 வரைதான். மிச்சத்தை ஆசிரியை சொல்லித் தருவார்.

வாசல் மேசையில் ஒரு மனு இருக்கிறது. திறந்த வெளி வேலையிடம் ஒவ்வொன்றிலும் நிழலும் தண்ணீரும் ஓய்வு நேரமும் கட்டாயமாக வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பேனா நானே கொண்டுவந்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.