கசிவுநீர்ப் பலகை

அவைத்தலைவர் அவர்களே, வரவேற்புரையைச் சுருக்கி எனக்கு நேரம் மிச்சம் பிடித்துத் தந்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, பாசனச் சங்கத் தலைவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மதகுப் பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

“வெள்ளம் வருமுன் அணை கோலு” என்பார்கள். கோலுமுன் கேட்க வேண்டியவை மூன்று: எவ்வளவு கொள்ளளவு, எந்தப் பாறை, கட்டியபின் யார் காவல்.

கொள்ளளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாசனத்துக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க அதே அணை காலியாக இருக்க வேண்டும். எனவே மழைக்காலத் தொடக்கத்தில் மேல்மட்டத்தை வெறுமையாக விட்டு, பருவம் முடிய முடிய நிரப்புவார்கள். எந்தத் தேதியில் எந்த மட்டம் என்பதை முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டும். வண்டல் படியும் இடம் தனிக் கணக்கு.

அடுத்தது பாறை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை. பாசனம், வெள்ளத்தடுப்பு, மின்சாரம் மூன்றுக்கும் எழுப்பிய மண் அணை. உயரம் ஏறக்குறைய 93 மீட்டர். அடியில் விரிசலோடிய எரிமலைப் பாறை. தெரியாமல் கட்டவில்லை ஐயா! பாறையில் துளையிட்டுச் சிமென்ட் கரைசலை அழுத்தி ஏற்றி, விரிசல்களில் நீர் புகாதபடி நிலத்தடித் திரை போட்டார்கள். ஆனால் பாறையில் வெட்டிய பள்ளத்தில் நிரப்பியது எளிதில் அரிக்கும் நுண்மண். விரிசல் வாய்கள் சரியாக அடைபடவில்லை. மண் நழுவாமல் பிடிக்க அங்கே வடிகட்டி அடுக்கும் இல்லை. 1975 அக்டோபரில் முதன்முறையாக நீர் தேக்கத் தொடங்கினார்கள். ஆற்றில் நீர் விடும் முக்கிய மதகு வேலை முடியாததால், மட்டம் திட்டமிட்டதைவிட வேகமாக ஏறியது. 1976 ஜூன் 5 காலை கலங்கல் நீர் கசிந்தது. துளையை மூட இரண்டு புல்டோசர்கள் மண் தள்ளின. துளை புல்டோசர்களையே விழுங்கியது. ஓட்டுநர்கள் தப்பினார்கள். தேக்கத்தில் சுழல் கிளம்பியது. நண்பகலுக்குச் சில நிமிடம் முன்பு கரை போயிற்று. 11 உயிர்கள். அணை கோலியாயிற்று, வெள்ளம் அணைக்குள்ளிருந்தே வந்தது!

களிமண்ணின் ஈரப்பதம், உருளை ஓட்டம், கலிங்கின் அகலம் என்று குறித்து வந்திருக்கிறேன். தலைவர் மணியைத் தொடுவதால் அவை குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். காவலுக்கு வருகிறேன்.

எந்த மண் அணையும் கசியும். தெளிந்த நீர் அளவோடு கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் அணையின் மண்ணே வெளியேறுகிறது. கசிவை அளக்க, கசிவு வாய்க்காலில் 90 பாகையில் ‘வி’ வடிவம் வெட்டிய தகடு வைத்தால் போதும். வெட்டின் முனைக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் நின்றால் நொடிக்கு 4.4 லிட்டர், 20 நின்றால் ஏறத்தாழ 25 லிட்டர். உயரம் இரட்டித்தால் கசிவு ஐந்து மடங்கைத் தாண்டும், ஏமாந்துவிடக் கூடாது. நீர்மட்டமும் மழையும் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். மட்டம் அப்படியே நிற்க, மழையும் இல்லாமல் கசிவு மட்டும் கூடினால் அன்றே மதகைத் திறந்து மட்டத்தை இறக்க வேண்டும்.

இந்தப் பதிவேடு அலுவலக அலமாரியில் தூங்கக் கூடாது என்பதுதான் நம் கோரிக்கை. கசிவு, நிறம், நீர்மட்டம், மழை நான்கையும் தினமும் அணை வாசலில் பலகையில் எழுதுங்கள். கீழே குடியிருப்பவன் படிக்கட்டும். வெள்ளம் வருமுன் கோல வேண்டியதில் அந்தப் பலகையும் ஒன்று. நாலடிக்கு மூன்றடி இருந்தால் தாராளம். தலைமைப் பொறியாளர் அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்; எழுந்து போகுமுன் ஒரு தேதி சொல்லிவிட்டுப் போகட்டும்.